ஸ்காபரோ ரூஜ் ரிவர்: வரைபடத்தில் இல்லாமல் போன தொகுதி

[திரையில்: ரொறன்ரோ வரைபடம். வடகிழக்கு மூலை மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். இந்த மூலையைப் பாருங்கள். மேலே ஸ்டீல்ஸ் அவென்யூ, கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம், நடுவில் மால்வேர்ன். 1999 முதல் 2018 வரை ஒன்ராறியோ மாகாணசபையில் இந்தப் பகுதிக்கு ஒரு தொகுதி இருந்தது. பெயர் ஸ்காபரோ ரூஜ் ரிவர். கனடாத் தமிழருக்கு இந்தப் பெயர் ஏன் நெஞ்சோடு ஒட்டியது என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

தொகுதி பிறந்ததே ஆட்குறைப்பில்தான். அன்றைய ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு 1996இல் கொண்டுவந்த சட்டம் 130 மாகாண இடங்களை 103 ஆக்கியது. புதிதாக எல்லை கீறாமல், மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளையே மாகாணமும் எடுத்துக்கொண்டது. அதனால் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பவும் மாகாணசபைக்கு ஆள் அனுப்பவும் ஒரே பெயர், ஒரே எல்லை.

முதல் உறுப்பினர் லிபரல் கட்சியின் அல்வின் கர்லிங். ஜமெய்க்காவில் பிறந்தவர். பழைய ஸ்காபரோ நோர்த் தொகுதியில் 1985 முதல் வென்றுவந்தவர். 2003இல் ஒன்ராறியோ சட்டமன்றத்தின் முதல் கறுப்பின சபாநாயகர் ஆனார். 2005இல் டொமினிக்கன் குடியரசுக்குத் தூதுவராகப் போனார். அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் பாஸ் பால்கிசூன் வந்தார். அவரும் லிபரல்தான்.

[திரையில்: 2011]

இனித்தான் நம் ஆட்களின் கதை. 2011 மே மாதம் இதே பெயருள்ள மத்திய தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபேசன் வென்றார். கனடிய நாடாளுமன்றத்துக்குள் போன முதல் தமிழர் அவர். அதே ஆண்டு ஒக்டோபரில் மாகாணத் தேர்தல். அதே கட்சியில் நீதன் ஷான் நின்று இரண்டாவதாக வந்தார். 2014இல் மறுபடி நின்றார், மறுபடி இரண்டாவது.

சரி, 2016க்கு வருவோம். மார்ச்சில் பால்கிசூன் பதவி விலகினார். செப்டம்பர் 1 இடைத்தேர்தல். ஒன்ராறியோ வாக்குச்சீட்டில் வேட்பாளர்கள் குடும்பப்பெயரின் ஆங்கில அகரவரிசையில் வருவார்கள். அன்று அந்தச் சீட்டை மேலிருந்து கீழே வாசித்தால், முதலில் பழமைவாதக் கட்சியின் ரேமண்ட் சோ, கீழே நீதன் ஷான், இன்னும் கீழே லிபரல் கட்சியின் பிரகல் திரு. மூன்று பெரிய கட்சிகளில் இரண்டு தமிழரை நிறுத்தியிருந்தன. வெளியே வீட்டுப் புல்தரைகளில் லிபரலின் சிவப்புத் தேர்தல் பலகையிலும் தமிழ்ப்பெயர், புதிய ஜனநாயகக் கட்சியின் செம்மஞ்சள் பலகையிலும் தமிழ்ப்பெயர்.

வென்றவர் சோ. கொரியாவில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் நகரசபையில் இருந்தவர். திரு இரண்டாவது, ஷான் மூன்றாவது. 1985இல் இருந்து லிபரல் கையில் இருந்த மூலை அன்று கைமாறியது.

தமிழ் வாக்குகள் பிரிந்ததால்தான் தோற்றோம் என்று அப்போதிருந்தே ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தமிழர் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் வாக்குப் போட வேண்டும் என்பது நியாயமா? பாடசாலைப் பாடத்திட்டம், பஸ், வாடகை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கவலை. அந்தத் தேர்தலில் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று பழமைவாதத் தலைவர் பற்றிக் பிரவுனின் பெயரில் ஒரு கடிதம் தொகுதிக்குள் வந்ததும், பிறகு அவரே அதிலிருந்து பின்வாங்கியதும் பெரிய செய்தி. தமிழ் வீடுகளிலும் அதில் இரண்டு கருத்து இருந்தது.

அப்புறம் இன்னொன்று. சோ காலி செய்த நகரசபை இடத்துக்கு 2017 பெப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் நீதன் ஷான்! ரொறன்ரோ நகரசபைக்குத் தெரிவான முதல் தமிழர்.

[திரையில்: வரைபடம் இரண்டாகப் பிரிகிறது.]

இதற்கிடையில் எல்லைக்கோடு நகரத் தொடங்கிவிட்டது. மத்திய தேர்தலில் 2015இலேயே தொகுதி மறைந்தது. மேற்குப் பாதி ஸ்காபரோ நோர்த். கிழக்குப் பாதி தெற்கே ஏரிவரை நீண்டு ஸ்காபரோ ரூஜ் பார்க். மாகாணத்தில் மட்டும் பழைய பெயர் 2018 வரை தாக்குப்பிடித்தது. அந்த மூன்று வருடமும் ஒரே வீட்டுக்கு இரண்டு தொகுதிப் பெயர்.

2018 ஜூன் 7, மாகாணத் தேர்தல். ஸ்காபரோ நோர்த்தில் வென்றவர் ரேமண்ட் சோ. மார்க்கம் தோர்ன்ஹில்லில் லோகன் கணபதி. ஸ்காபரோ ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம். ஒன்ராறியோ மாகாணசபைக்குத் தமிழர் முதன்முதலாகப் போன தேர்தல் அது. ஸ்காபரோ ரூஜ் ரிவர் என்ற பெயர் வாக்குச்சீட்டில் இருந்து மறைந்த முதல் மாகாணத் தேர்தலும் அதுதான்.