கீரை ஆயும் கைகள்
(அக்டோபர் 1, உலக முதியோர் நாளில் வேலூர்க் கூட்டமொன்றில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வெயிலைப் பார்க்காமல் பேரணாம்பட்டிலிருந்து வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கப் பெரியவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதியோர் இல்லங்களுக்கு வேண்டிய கடன், கட்டடம், கவனிக்கும் ஆட்கள் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். அதற்கு முன் ஒரு பழமொழி. காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம். நம் ஊர்ப் பனைமரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் பெரியம்மா குடியாத்தத்துக்காரர். லுங்கித் தறிக்கு ஐம்பது வருஷம் ராட்டை சுற்றிய கை. நாங்கள் இருப்பது மாடி வீடு, அவரால் படி ஏற முடியவில்லை. ஒரு விடுதியில் சேர்த்தோம். ஒரே கூடத்தில் நாற்பது கட்டில். மாலை ஐந்தரைக்கே தட்டோடு வரிசை. முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது கேட்டார்: "இன்னாடா, ஒரு கட்டு கீர ஆய உடமாட்டேன்றாங்க. கையி சும்மாவே கீதுடா."

அடுத்த வாரம் இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கிப்போனேன். பெரியம்மா கட்டில்மேல் செய்தித்தாளை விரித்தார். பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து வந்தார். அப்புறம் இன்னொருவர். கால் மணி நேரத்தில் ஆறு பேர்! வந்து ஒரு மாதமாக வாய் திறக்காதவர் என்று சொல்லப்பட்ட அம்மா, "தண்ட இவ்ளோ நீளம் உடாத" என்று என் பெரியம்மாவை அதட்டினார். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கூடத்தில். மேற்பார்வையாளர் வந்து, குப்பை ஆகிறது, இனிமேல் கொண்டுவராதீர்கள் என்றார். ஆய்ந்த கீரையைச் சமையலறையும் வாங்கிக்கொள்ளவில்லை. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் டுப்பலோ என்ற சிற்றூரில் 2003-இல் வீடு மாதிரியே முதியோர் இல்லங்கள் கட்டினார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர், ஆளுக்கொரு அறை, நடுவில் திறந்த அடுப்படி, எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. கவனித்துக்கொள்பவர்களே சமைக்கிறார்கள்.

பணம்? அதே நாட்டில் 1959-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 202-ஆவது பிரிவில், முதியோர் குடியிருப்பு கட்டும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அரசே குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கொடுத்தது. 1990-இல் அதையும் மாற்றினார்கள். நாற்பது ஆண்டு ஏழை முதியோருக்கே வீட்டைக் கொடுத்தால், பணத்தைத் திருப்பவே வேண்டாம்.

நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்குக் குறைந்தது ஓர் இல்லம், அதில் குறைந்தது 150 ஏழை முதியோருக்கு இடம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் 150 பேரை ஏன் ஒரே கூரையின் கீழ் அடைக்க வேண்டும்? பத்துப் பேருக்கு ஒன்றாகப் பதினைந்து வீடு கட்டுங்கள். குடியாத்தத்தில், அணைக்கட்டில், கே.வி.குப்பத்தில், அவரவர் தெருவுக்குப் பக்கத்தில். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் வழியாக நீண்ட காலக் கடன் கொடுங்கள். இளைஞர் வீடு கட்டக் கடன் உண்டு. காவோலைக்கு மட்டும் ஏன் இல்லை? குருத்தோலை சிரிக்கிற இடத்தில்தான் நாமும் ஒரு நாள் விழப்போகிறோம்.

கவனிக்கும் ஆட்களைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி. வாசல் மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். முடியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். திங்கட்கிழமை காலை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் அதைக் கொடுக்கப்போகிறேன். பெரியம்மாவையும் ஆட்டோவில் கூட்டிவருகிறேன்.