கக்கன் பிறந்த மண்ணில் கண்மாய்கள் நிறைய வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கண்மாய்ப் பாசனச் சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டிய இளைஞர் மன்றத்துக்குத் தனி நன்றி.

கக்கனின் நாடாளுமன்றப் பணி, அமைச்சர் பணி, பதவி போன பின் வாழ்ந்த வாழ்வு என மூன்றையும் சொல்ல வேண்டும். 1908-இல் நம் தும்பைப்பட்டியில் பிறந்தவர், அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். 1952-இல் மக்களவைக்குப் போனார். 1957 முதல் 1967 வரை பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று பத்தாண்டு அமைச்சர். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாமலே இருந்தார்.

1967 தேர்தலில் தோற்றார். அதன் பின் டவுன் பஸ்ஸில்தான் பயணம். கேளுங்கள், மதுரை அரசு மருத்துவமனையில், மதுரை மேயராக இருந்த மதுரை முத்து சிகிச்சையில் இருக்கிறார். அவரைப் பார்க்க முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வருகிறார். வந்த இடத்தில்தான் தெரிகிறது, கக்கனும் இங்கேதான் கிடக்கிறார் என்று. எந்த அறையில்? தனி அறையே இல்லை! பொது வார்டு! மாநிலத்தின் போலீஸ் இலாகாவையே கையில் வைத்திருந்த மனிதர், ‘நான் இன்னார்’ என்று சொல்லி ஒரு கட்டில்கூடக் கேட்கவில்லை. எம்.ஜி.ஆர். நேரே அந்த வார்டுக்குப் போனார், நல்ல சிகிச்சைக்கு உத்தரவிட்டார். நிறைகுடம், ஐயா, நிறைகுடம்!

அவர் பொதுப்பணி அமைச்சராக இருந்தபோதுதான், 1959-இல், வைகை அணை திறந்தது. இனி நம் கண்மாய்க்கு வருகிறேன். பெரியாறு பாசனக் கால்வாயில் கள்ளந்திரிக்கு மேலே இருபோகப் பாசனம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். கீழே மேலூர் ஒருபோகம் சுமார் 85 ஆயிரம் ஏக்கர். நாம் கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடை. வருகிற தண்ணீரைத் தேக்கவாவது கண்மாயில் இடம் வேண்டாமா?

தூர்வாருகிறோம் என்று ஜேசிபியை இறக்கிக் கரையோரமே தோண்டுகிறார்கள். கரையின் அடிக்கால் இளகி, முதல் பெருக்கிலேயே சரியும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. வண்டலை ஒட்டச் சுரண்டினால் அடியிலுள்ள சரளை நீரைக் குடித்துவிடும். முதலில் வரத்துக்கால்வாயைத் திறந்துவிடுங்கள். அது அடைபட்டிருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண். பிறகு மடையையும், மிகுதி நீர் வெளியேறும் கலுங்கையும் பாருங்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், வெட்டினால் தழைக்கும். கரையை விட்டுத் தள்ளியே மண் எடுங்கள், எடுத்த மண்ணில் கரையைப் பலப்படுத்துங்கள்.

ஒருபோகத்துக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கால்வாய் திறப்பார்கள். அதற்குள் வரத்துக்கால்வாயை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் தீர்மானம் இதோ மேடையில் இருக்கிறது. கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுதாரர் ஒவ்வொருவரும் சர்வே எண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.