வைக்கிங் வாளோட கைப்பிடி ஏன் இவ்ளோ குட்டி? உங்க சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, "அண்ணா, மியூசியம் போட்டோல வைக்கிங் வாள் கைப்பிடி எல்லாம் குட்டியூண்டு இருக்கு, கை எப்படி உள்ள போகும், அவங்க என்ன குள்ளமா? படத்துல வர்ற மாதிரி குறுக்க நீட்டமா கம்பியும் காணோமே?"

குள்ளமும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்பவே ஒரு ஸ்கேல் எடுத்து கட்டைவிரல விட்டுட்டு நாலு விரலையும் சேத்து வச்சு அகலத்த அளந்து பாருங்க, எட்டு, எட்டரை சென்டிமீட்டர்தான் வரும். அந்த வாள்ல பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட 9, 10 சென்டிமீட்டர், அதனால ஒரு கை கச்சிதமா உக்காரும், மேல குமிழ் (பிடியோட நுனில இருக்குற கட்டி), கீழ கார்டு (பிளேடு பக்கம் இருக்குற குறுக்குக் கம்பி), ரெண்டும் கைய அணைச்சு பிடிக்கும், ஓங்கி வெட்டுறப்ப வாள் நழுவிப் போகாது.

கார்டு ஏன் சின்னதுன்னா, அந்த ஆளுக்கு கைய காப்பாத்துறது கார்டு இல்லங்க, கேடயம். இடது கைல பெரிய வட்டமான மரக் கேடயம் இருக்கு, வலது கை அதுக்குப் பின்னாடியேதான் நிக்குது, அப்புறம் கார்டுக்கு என்ன பெரிய வேலை, விரல் பிளேடு மேல வழுக்காம இருந்தா போதும்.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா, 6, 7ம் நூற்றாண்டுல கார்டு முழு இரும்பாவே இருக்காது. கொம்பு இல்லன்னா மரத்துல ஒரு தகடு, அதுக்கு மேலயும் கீழயும் உலோகத் தகடு, பெரிய ஆளுன்னா தங்கத் தகடு, சாண்ட்விச் மாதிரி வச்சு ரிவெட் அடிச்சிருப்பாங்க. கைப்பிடி உச்சில குமிழா குட்டியா ஒரு தொப்பி, அதுவும் பெரிய ஆளுன்னா தங்கத்துல. 2009ல இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு வயல்ல மெட்டல் டிடெக்டர் வச்சு தேடுன ஒருத்தருக்கு பெரிய புதையல் கெடச்சுதுல்ல, அதுல இந்தத் தொப்பி மட்டுமே 70க்கு மேல இருக்கு, ஆனா பிளேடு ஒண்ணு கூட இல்ல! கைப்பிடில இருந்த தங்கத்த மட்டும் பிச்சு எடுத்திருக்காங்க. இங்கிலாந்துல சட்டன் ஹூங்கிற இடத்துல கப்பல் புதைகுழில கெடச்ச வாளும் இதே வகைதான், தங்கத்துல செவப்பு கார்னெட் கல்லு பதிச்சது, என்னைக் கேட்டா இதுக்கு அப்புறம் வந்த எதுவும் அழகுல அது கிட்ட கூட வராது.

வைக்கிங் காலத்துல, அதாவது சுமார் 8ல இருந்து 11ம் நூற்றாண்டு வரைக்கும், கார்டும் குமிழும் பெரும்பாலும் இரும்பாயிடுச்சு. பிளேடுக்குப் பின்னாடி ஒல்லியா ஒரு வால் நீட்டிக்கிட்டு இருக்கும், நம்ம கத்தில மரப்பிடிக்குள்ள போகுமே அதே மாதிரி. அதுல மொதல்ல கீழ் கார்டு, அப்புறம் பிடி, அப்புறம் குமிழ் பக்கம் மேல் கார்டு, இப்படி வரிசையா கோத்து வால் நுனிய மேல் கார்டு மேலயே அடிச்சு மழுக்கிடுவாங்க, அதுக்கு மேல குமிழ தனியா ரிவெட் பண்ணி அந்த தழும்ப மறைச்சிடுவாங்க. காசுள்ள ஆளுன்னா இரும்புல முடி மாதிரி மெல்லிசா கோடு கோடா வெட்டி அதுக்குள்ள வெள்ளிக் கம்பியையும் செம்புக் கம்பியையும் தட்டி ஏத்துவாங்க. நார்வேல யான் பீட்டர்சன்னு ஒரு தொல்லியல் ஆய்வாளர் 1919ல இந்த வாள்களுக்கெல்லாம் ஏ, பி, சின்னு எழுத்து போட்டு வகை பிரிச்சதே பெரும்பாலும் கைப்பிடிய வச்சுதான், ஏன்னா பிளேடுல முக்காவாசி பாக்க ஒண்ணு போலதான் இருக்கும். அதுல எம் வகைன்னு ஒண்ணு, குமிழே கிடையாது, மேல் கார்டோட சரி, சிக்கனமான பார்ட்டி.

10ம் நூற்றாண்டு கடைசில குமிழும் மேல் கார்டும் ஒரே கட்டியாயிடுது, பாதி வட்டத்துல, இல்லன்னா பிரேசில் நட்டுங்கிற கொட்டை மாதிரி, ஆரஞ்சு சுளை கணக்கா. 11ம் நூற்றாண்டுல கீழ் கார்டு நீள ஆரம்பிச்சு 18, 20 சென்டிமீட்டர் வரைக்கும் போகுது, தம்பி படத்துல பாத்தது இந்த ஆளத்தான். குதிரை மேல சண்டை, கேடயத்த கைல பட்டை போட்டு மாட்டுறது, இதெல்லாம் சேந்து வலது கை வெளிய தனியா வந்துடுச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

இனிமே வாள் போட்டோ பாத்தா குமிழோட உச்சிய ஜூம் பண்ணுங்க. அங்க சின்னதா அடிச்ச தழும்பு தெரிஞ்சா வால் உச்சி வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம், குமிழுக்கும் மேல் கார்டுக்கும் நடுவுல கோடு தெரிஞ்சா பழைய ரெண்டு துண்டு டைப். சரி, அடுத்த கேள்வி.