விற்காமல் போன தட்டுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

இசைத்தட்டு சேகரிக்கிறவன் என்று தெரிந்தாலே பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடக்கிறது, நல்ல விலைக்குப் போகுமா?" பெரும்பாலும் போகாது. அந்தக் கட்டில் இருப்பவை அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டி போட்டு வாங்கிய தட்டுகளாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் விற்றது இன்றைக்கும் ஏராளமாகவே கிடைக்கும். யாரும் சீந்தாமல் விட்டது, அவசர அவசரமாகத் திரும்பப் பெற்றது, உருக்கப் போனது, இவைதான் அரிதாகின்றன. அதனால் ஒரு தட்டு கைக்கு வந்தால், இதில் ஏன் இவ்வளவு கொஞ்சம் மிஞ்சியது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். விலையெல்லாம் அப்புறம்.

1927-ல் சிகாகோவில் பிளாக் பாட்டி என்று ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கினார்கள். அதன் பின்னால் இருந்தவர் மாயோ வில்லியம்ஸ். கறுப்பினப் பாடகர்களைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்வதில் பெயர் வாங்கியவர். தட்டின் நடுவே ஒட்டிய லேபிள் தாளில் தங்க நிறத்தில் ஒரு மயில். அழகுக்குக் குறைவே இல்லை, விற்பனைதான் இல்லை. 55 தட்டுகள் வெளியிட்டார்கள். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

சுமார் நாற்பது வருஷம் கழித்து ஜோ பஸ்ஸார்ட் என்கிற அமெரிக்கச் சேகரிப்பாளர் வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தார். கிராமம் கிராமமாகப் போய் "பழைய ரெக்கார்டு இருக்கிறதா?" என்று கதவைத் தட்டிக் கேட்பதே அவருக்கு வேலை. வழியில் சந்தித்த ஒரு முதியவர் தன் வீட்டிலும் கொஞ்சம் கிடப்பதாகச் சொல்ல, கூடவே போனார். பெட்டியைத் திறந்தால் மேலே இருந்தவை எங்கும் கிடைக்கிற தட்டுகள். நம்மில் பலர் அங்கேயே கையைத் தட்டிவிட்டு எழுந்திருப்போம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனார். மயில் அடியில் இருந்தது. ஒன்றல்ல, ஓர் அடுக்கே இருந்தது. ஆகவே கட்டைப் பிரித்தால் கடைசித் தட்டு வரை பாருங்கள். முட்டி வலிக்கும், தூசியில் தும்மலும் வரும், பரவாயில்லை.

போரும் தன் பங்குக்குத் தட்டுகளைக் குறைத்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. 1942-ல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. கடைகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்க அனுப்பின. எந்தப் பாட்டு போகிறது என்று யார் பார்த்தார்கள்?

திரும்பப் பெற்றதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பீட்டில்ஸ். 1966-ல் கேப்பிடல் நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆல்பத்தின் உறையில் நால்வரும் கசாப்புக்கடை அங்கியில், இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளும் சூழ உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எல்லாவற்றையும் வரவழைத்து, பல உறைகளின் மேலேயே வேறு படத்தை ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். புதுப் படத்தில் ஒரு பெரிய பெட்டியோடு நால்வரும் இருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு வலப்பக்கம் வெள்ளையாக இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அடியில் கறுப்பாக ஒரு முக்கோணம் மங்கலாகத் தெரிந்தால், அது முதல் படத்தில் ரிங்கோ போட்டிருந்த சட்டையின் கழுத்துப் பகுதி. ஆர்வக்கோளாறில் ஆவி பிடித்து மேல்தாளை உரிக்கப் போகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். நடந்த கதைக்கு அந்த ஒட்டுதானே சாட்சி.

உறையை விடவும் லேபிளை விடவும் நம்பகமான இடம் ஒன்று உண்டு. கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அச்சு எண், தட்டை வெட்டிய பொறியாளரின் குறி எல்லாம் அங்கேதான். ஜாஸ் பிரியர்கள் புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டை எடுத்ததும் அதைச் சாய்த்துப் பிடிப்பது இதற்காகத்தான். ரூடி வான் கெல்டர் வெட்டியதென்றால் ஆர்விஜி என்ற எழுத்துகளோ அவர் பெயரோ இருக்கும். அதோடு கையால் சுழித்த மாதிரி சின்னதாக ஒரு பி எழுத்து இருக்கிறதா என்றும் தேடுவார்கள். பார்க்கக் காது போலிருப்பதால் அதற்குப் பெயரே 'காது'. பிளாஸ்டிலைட் என்ற ஆலையில் அச்சான தட்டு என்பதற்கு அது அடையாளம். 1966-ல் புளூ நோட்டை லிபர்ட்டி நிறுவனம் வாங்கிய பிறகு காது போய்விட்டது. ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள்களைப் புதுத் தட்டுகளிலும் ஒட்டினார்கள். உறை அதே, லேபிள் அதே, காது மட்டும் இல்லை. விற்கிறவர் "முதல் அச்சு சார்" என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம், பார்க்கத் தெரியாமலும் இருக்கலாம். நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது தட்டின் நிலை. அரக்குக்குப் பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டில், அதாவது வினைல் தட்டில், கீறல் தெரிந்தால் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்பட்டால் பாட்டில் 'டிக்' சத்தம் கேட்கும். கண்ணுக்கு மட்டும் தெரிகிற கீறல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. அரக்குத் தட்டின் சங்கதி வேறு. அதில் அரக்கோடு கல்தூளும் கலந்திருக்கும். அந்தத் தூள் எஃகு முள்ளைத் தேய்த்துவிடும் என்பதால்தான் பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றாமல் பழைய முள்ளிலேயே ஓட்டிய வீட்டுத் தட்டு, கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவினாலும் அது போகாது.

கழுவுவது என்றதும் ஒன்று. வினைலைத் துடைக்கச் சிலர் ஆல்கஹால் கலந்த திரவம் வைத்திருப்பார்கள். அதை அரக்குத் தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பாட்டு துணியோடு வந்துவிடும்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்றால், சில பாட்டுகளுக்குத் தட்டைத் தவிர வேறு ஆதாரமே இல்லை. விஸ்கான்சினில் நாற்காலி செய்கிற ஒரு கம்பெனி, கிராமபோன் பெட்டிகளும் செய்யப்போய், அதற்குத் தட்டும் வேண்டுமே என்று பாரமவுண்ட் லேபிளைத் தொடங்கியது. மட்டமான மூலப்பொருள், இரைச்சலான தட்டுகள். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸ் பாடிய பெரிய கலைஞர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வியாபாரம் படுத்தது. மூல அச்சுகள் பெரும்பாலும் பழைய உலோகமாகப் போய்விட்டன. இன்று நாம் கேட்பதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்தது. பஸ்ஸார்ட் கேட்டவர்களுக்கெல்லாம் தன் தட்டுகளைக் கேசட்டில் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார். அரிய தட்டு என்று பெட்டகத்தில் பூட்டி வைத்து ஒருவருக்கும் போட்டுக் காட்டாத சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு டிஜிட்டல் நகல் எடுங்கள், பெருமையெல்லாம் பிறகு பட்டுக்கொள்ளலாம்.

வில்லி பிரவுன் என்ற புளூஸ் பாடகர் 1930-ல் பாரமவுண்டுக்காகப் பாடினார். அதில் ஒரு தட்டின் பிரதி எனக்குத் தெரிந்து இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எண் 13099. குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது கண்ணில் பட்டால் ஆல்கஹால் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள்.