பொது இடத்தின் காற்றுக்கு யார் பொறுப்பு?

மாமன்ற உறுப்பினர் அவர்களே, குடியிருப்போர் சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2003-ல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் கீழான விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தன. இத்தனைக்கும் பிறகு, நம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிற்கும் தாய், பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் என்ன செய்கிறார்? முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு தள்ளிப் போகிறார். தள்ளிப் போக வேண்டியவர் அவர் அல்லவே!

"திறந்தவெளிதானே" என்று சிலர் வாதிடுகிறார்கள். பொதுமக்கள் வந்து கூடும் பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் ஆகியவற்றைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது என 2008 விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. கூரை இல்லாவிட்டாலும் பெரியார் பஸ் நிலையமும் ஆரப்பாளையமும் பொது இடங்களே.

பிறகு ஏன் நடக்கவில்லை? புகைப்பவரை மட்டுமே நாம் பார்க்கிறோம். இடத்துக்குப் பொறுப்பானவரைப் பார்ப்பதில்லை. அதே விதிகளை எடுத்துப் படியுங்கள். உணவகமோ அலுவலகமோ, வாசலில் 60-க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்பதை எழுதி வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைக்கக் கூடாது. புகாரை உரிமையாளர் கண்டுகொள்ளாமல் விட்டால், அங்கே நடந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதம் அவர் தலையிலும் விழும். இப்போது சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். பலகை எத்தனை கடையில் இருக்கிறது, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் எத்தனை கடையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த லைட்டருக்கு அடியில் நாள் முழுக்க நின்று டம்ளர் கழுவும் பையனை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் ஒரு சிகரெட்டோடு போய்விடுவார். அவனோ எல்லோருடைய புகையையும் சுவாசிக்கிறான். புகையிலைப் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் மட்டும் 70-க்குக் குறையாமல் இருக்கின்றன.

ஆகவே நம் மாநகராட்சியிடம் நான் கேட்பது இது. டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் தொழில் உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் இந்தப் பலகையையும் லைட்டர் தடையையும் நிபந்தனையாக எழுதுங்கள். புகைத்ததற்கு அபராதமாக மூட்டை தூக்கும் தொழிலாளியிடம் 200 ரூபாய் வாங்கினால் அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியாது. மறுநாள் அவர் வேறு மூலையில் நின்று புகைப்பார். உரிமம் போய்விடும் என்றால் கடைக்காரரே "வெளியே போங்கள் அண்ணே" என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது வேப் என்கிற மின்சிகரெட். பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பென் டிரைவ் போல இருக்கும், பழ வாசனை வரும். பிள்ளையின் பையில் கிடந்தாலும் நமக்குத் தெரியாது. "வெறும் நீராவிதான் அப்பா" என்பார்கள். அது நீராவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின், இவையெல்லாம் சூடாகி நுண்துளிகளாக வெளிவருகின்றன. பக்கத்தில் இருப்பவர் நுரையீரலுக்குள்ளும் அவை போகும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டைத் தயாரிப்பதையும் விற்பதையும் இருப்பு வைப்பதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்தது. தயாரித்தாலோ விற்றாலோ விளம்பரம் செய்தாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து அதை இழுப்பவரைத் தண்டிக்க அதில் பிரிவு இல்லை. 2003 சட்டமோ புகையிலையைப் புகைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இதை அடைக்க மாநகராட்சியால் மட்டும் முடியாது. மாநில அரசு திருத்தம் கொண்டுவர வேண்டும். முடியாத காரியம் அல்ல. ஹூக்கா பார்களைத் தடுக்க நம் சட்டமன்றம் 2022-ல் இதே 2003 மத்தியச் சட்டத்தைத் திருத்தியது. கர்நாடகம் பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதத்தை 1,000 ரூபாயாகவும், புகையிலை வாங்கும் வயதை 21 ஆகவும் உயர்த்தி, சில்லறை சிகரெட் விற்பனையையும் தடுத்திருக்கிறது. சில்லறை விற்பனையை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. பாக்கெட்டின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒற்றை சிகரெட் வாங்கும் பள்ளி மாணவன் கண்ணில் அது படுவதே இல்லை.

புகைப்பவர்கள் நமக்குப் பகைவர்கள் அல்லர். விட நினைத்து முடியாமல் தவிப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும். கேட்கத் தயங்க வேண்டாம்.

உரிம நிபந்தனையை மாநகராட்சிக்கும், வேப் திருத்தத்தை மாநில அரசுக்கும் வலியுறுத்தும் தீர்மான வரைவு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அதை வைக்கப் போகிறோம். படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். டீக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் முதலில் வந்து எழுதினால் மிகவும் மகிழ்வேன்.