பாட்டிக்குத் தெரியாத கணக்கு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'பல்கலைக்கழக ஆராய்ச்சி மக்களுக்கு உதவுகிறது' என்பது எங்கள் அணி. பத்துச் சான்றுகள் எழுதி வந்தேன். அத்தனையையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன். போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகம் பங்கெடுத்த அடுப்புப் புகை ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டு, "புகை கெடுதல்னு எங்க பாட்டிக்கே தெரியும். அதைச் சொல்ல நாலு நாடு, மூவாயிரம் கர்ப்பிணிகளா? கடைசியில குழந்தை எடையும் கூடலையாம்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அண்ணே, கண் எரியும் என்று பாட்டிக்குத் தெரியும். நெஞ்சுக்குள் எவ்வளவு போகிறது என்று தெரியுமா? இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாடுகள். நம் பக்கம் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். பொறுப்பு அதே ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவுக்கு. சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மற்றவர்கள் விறகிலேயே சமைத்தார்கள். உடுப்புக்கு மேல் ஒரு மேல்சட்டை, அதில் சுவாசிக்கும் காற்றை அளக்க ஒரு சின்னக் கருவி, 24 மணி நேரம். விறகுக்காரர்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 70 மைக்ரோகிராம் நுண்துகள். கேஸ்காரர்களுக்கு 24.

எடை கூடவில்லை, நிஜம்தான். கேஸ் கொடுத்தால் குழந்தை நல்ல எடையோடு பிறக்கும் என்று நம்பித்தான் இறங்கினார்கள். சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று 2022இல் அவர்களே வெளியிட்டார்கள். தான் நம்பியது பலிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறவரை நம்பித்தான் என் பிள்ளையின் உடம்பை ஒப்படைப்பேன், அண்ணே.

சரி, பாட்டியைச் சொன்னீர்கள். நான் என் அம்மாவைச் சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை. கருவேல விறகு நனைந்து கிடக்கும். அம்மா ஊதாங்குழலோடு குனிந்திருப்பாள். பற்றவைக்க என் பழைய கணக்கு நோட்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒரு தாளைப் பிடித்து, "தம்பி, இது வேணுமா?" என்பாள். "வேணாம்மா." கிழிப்பாள். அடுத்த தாள். "இது?" "வேணாம்மா." கிழிப்பாள். மூன்றாவது தாள். "இதுல செவப்பு மையில என்னமோ போட்டிருக்கே, வாத்தியார் கேட்டா?" "அம்மா, நோட்டே வேணாம், மொத்தமா போடு!" என்று கத்துவேன். அதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். மறுபடி ஊதுவாள். மறுபடி வீடு நிறையப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து மறுபடி ஒரு கை நீளும். "தம்பி, இது வேணுமா?"

சோறு வடிக்க எட்டு மணி ஆகிவிடும். பிள்ளை எழுதிய ஒரு எழுத்துகூடத் தெரியாமல் எரிந்துவிடக் கூடாது என்று அவளுக்கு.

அப்புறம் இருமல் வந்தது. வருஷக்கணக்கில் இருந்தது. கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. ஆனால் வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாதவள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஊருக்கு வரும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் விறகைச் செருகி, குனிந்து ஊதினாள். அன்றைக்கும் ராத்திரிச் சோறு அவள்தான் வடித்தாள்.

இப்போது அம்மா இல்லை. அந்தச் சட்டையை, அந்தக் கருவியோடு, ஒரே ஒரு நாள் யாராவது அவளுக்கும் மாட்டிவிட்டிருக்கலாம். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது அந்தக் கருவி காட்டிய அளவை எழுதிய சீட்டை நீட்டி, "பீடி இல்ல டாக்டர், அடுப்பு" என்று நான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, நடுவர் அவர்களே.

வணக்கம்.