டிஸ்க்கில் இடம் இருக்கு, ஃபைல் மட்டும் எழுத முடியலையா? ஐநோடைப் பாருங்க

(காட்சி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இலை வாட்டும் தொட்டிகள், சுவரோரம் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி.)

20 தொட்டி, 20 ஈரப்பத சென்சார்னு வச்சுக்குவோம். ஒவ்வொண்ணும் 10 விநாடிக்கு ஒரு புது ஃபைல் எழுதுது; 200 பைட்தான். அதுக்குன்னு டிஸ்க்கில் தனியா பிரிச்ச 32 ஜிபி பகுதி (பார்டிஷன்); ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை (ஃபைல் சிஸ்டம்) இஎக்ஸ்டி4. பன்னிரண்டு நாள் தாண்டினதும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’னு எரர். எவ்வளவு இடம் போயிருக்குன்னு காட்டுற டிஎஃப் மைனஸ் ஹெச் கட்டளையைப் போட்டா கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் நிரம்பியிருக்கு.

டிஸ்க்கை மாத்தக் கிளம்பிடாதீங்க. டிஎஃப் மைனஸ் ஐ போடுங்க.

(திரை: ஐயூஸ் 100%, அதாவது ஐநோடு மொத்தமும் தீர்ந்தாச்சு)

டிஸ்க்கை ஒரு குடோன்னு நினைச்சுக்கோங்க. குடோன்ல இடம் கிடக்கு, ஆனா கணக்கப்பிள்ளை ஏட்டில் வரி தீர்ந்துபோச்சு. வரியில் ஏறாத மூட்டையை அவர் உள்ள விடமாட்டார். அந்த வரிதான் ஐநோடு. ஃபைல் எவ்வளவு சின்னதானாலும் ஒரு வரி போயிடும். இஎக்ஸ்டி4 வழக்கமா 16 கேபிக்கு ஒரு ஐநோடு ஒதுக்கும். 32 ஜிபிக்கு 20,97,152. நம்ம சென்சார்கள் ஒரு நாளைக்கு எழுதுறது 1,72,800. வகுத்துப் பாருங்க, பன்னிரண்டு சொச்சம்.

எந்த ஃபோல்டர் தின்னுதுன்னு தெரியலைன்னா ஃபோல்டர்வாரியா ஐநோடை எண்ணுற டியூ மைனஸ் மைனஸ் ஐநோட்ஸ், அதை வரிசைப்படுத்த சார்ட் மைனஸ் என்-க்கு அனுப்புங்க. வெப் சர்வரா இருந்தா பிஹெச்பி செஷன் ஃபோல்டர் மேல முதல்ல சந்தேகப்படலாம்.

அழிக்கும்போது ஆர்எம் கட்டளை கூட நட்சத்திரம் போட்டா ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’னு திருப்பி அனுப்பிடும். ஃபைண்டு, ஃபோல்டர் பேர், மைனஸ் டைப் எஃப், மைனஸ் எம்டைம் பிளஸ் 7 (7 நாளுக்கு மேல பழசு), கடைசியில் மைனஸ் டெலீட். கடைசியில்தான்! அதை முன்னாடி போட்டா நாள் கணக்கு பார்க்காம எல்லாத்தையும் துடைச்சிடும். முதல் தடவை டெலீட்டுக்குப் பதிலா மைனஸ் பிரிண்ட் போட்டு பட்டியலைப் பார்த்துக்கோங்க. அழிச்சும் எண்ணிக்கை இறங்கலையா? ஏதோ புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்தே வச்சிருக்கலாம். எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 காட்டிக்கொடுக்கும்.

இப்ப வரம்பைக் கூட்டுறது. ஃபார்மேட் பண்ணின இஎக்ஸ்டி4-ல விகிதத்தை மாத்த வழி இல்ல. டியூன்2எஃப்எஸ் மைனஸ் ஐ-ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது டிஸ்க் சோதனைக்கான இடைவெளி. பார்டிஷனைப் பெருசாக்கி ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினா அதே விகிதத்தில் ஐநோடும் கூடும். இல்லைன்னா பேக்கப் எடுத்துட்டு எம்கேஎஃப்எஸ் மைனஸ் ஐ 4096-னு புதுசா ஃபார்மேட் பண்ணலாம், 4 கேபிக்கு ஒரு ஐநோடு: நாலு மடங்கு. ஆனா ஐநோடுக்கு 256 பைட் வீதம் ஏடே 2 ஜிபி பிடிக்கும், அதுவும் 48 நாள்கூட முழுசாத் தாங்காது; சின்ன ஃபைலும் டிஸ்க்கில் 4 கேபி பிடிக்கிறதால அதுக்குள்ள இடமே தீர்ந்துடும். இஎக்ஸ்டி4-க்குப் பதிலா எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்னா கவலை குறைவு. ஐநோடைத் தேவைக்கு உருவாக்கிக்கும், உச்சவரம்பை எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ் மைனஸ் எம் ஏத்திவிடும்.

எங்க கைக்கு வந்தா நாங்க டிஸ்க்கைத் தொடவே மாட்டோம். சென்சாருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஃபைல், அதிலேயே வரிவரியா சேர்த்து எழுத வைப்போம். தினமும் 20 ஐநோடு, 35 எம்பிதான் போகும். அப்புறம் இரண்டரை வருஷம் கழிச்சு முதல்ல தீருறது இடமாத்தான் இருக்கும்.